எது வேகமான விமானம்?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

சென்ற பருவத் தேர்வு முடிந்த அன்றிரவு எங்கள் விடுதியின் மொட்டை மாடியில் ஒரு வழக்கு எழுந்தது. வழக்காடியவர் நால்வர், நடுவர் எவரும் இல்லை. ஜெட் விமானங்களை விட்டுவிடுவோம். மோட்டார் காரில் இருப்பதைப் போன்ற பிஸ்டன் என்ஜின் முன்விசிறியைச் சுழற்ற, அதனால் பறக்கும் தனியார் விமானங்களுள் மிக வேகமானது எது? இதுவே வழக்கு. எங்கள் நால்வரில் ஒருவர்கூட இதுநாள் வரை விமானத்தில் கால் வைத்தவரில்லை. அதனாலென்ன? நிலவில் கால் வைக்காதவர்கள்தாமே நிலவைப் பற்றி அதிகம் பேசியிருக்கிறார்கள்!

ஆளுக்கொரு பெயர் சொன்னோம். கணிதம் பயிலும் என் அறை நண்பன் "லான்செயர்" என்றான். வரலாற்றுத் துறை நண்பர் போர் விமானங்களை இறக்கினார். நான் "மூனி" என்றேன். வேதியியல் நண்பர் மட்டும் எதுவும் சொல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் சிரித்த காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். நள்ளிரவில் விடுதிக் காவலர் வந்து எங்களைக் கீழே அனுப்பிவிட்டதால் வழக்கு தீர்ப்பின்றித் தள்ளி வைக்கப்பட்டது. இக்கட்டுரை அந்த வழக்கில் என் தரப்பு வாதம். எதிர்த் தரப்பாரின் வாதத்தை அடுத்த ஆண்டு மலரில் அவர்களே எழுதிக்கொள்ளட்டும்.

வரலாற்று நண்பரை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அவருடைய வாதந்தான் கேட்கக் கவர்ச்சியானது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்க அரசு தனக்குத் தேவையற்றுப்போன போர் விமானங்களை மலிவு விலைக்குத் தனியாருக்கு விற்றது. வாங்கியவர்கள் இறக்கையை வெட்டிக் குறுக்கினார்கள், என்ஜினைப் பெருக்கினார்கள், பந்தயத்தில் விட்டார்கள். அவ்வகையில் ஒன்றுதான் "ரேர் பேர்" எனப் பெயர் பெற்ற க்ரம்மன் பேர்கேட். 1989 ஆகஸ்டு மாதம் லைல் ஷெல்டன் என்பவர் அதனை மூன்று கிலோமீட்டர் நேர்ப்பாதையில் மணிக்கு 850 கி.மீ. வேகத்தில் செலுத்திக் காட்டினார். 2017 செப்டம்பரில் ஐடஹோ மாநிலத்தில் ஸ்டீவ் ஹின்டன் என்னும் இளைஞர் "வூடூ" என்ற மஸ்டாங் விமானத்தில் 855 கி.மீ. எட்டினார். இருபத்தெட்டு ஆண்டு உழைப்பின் பயன் ஐந்து கிலோமீட்டர்!

இன்னும் பின்னோக்கிப் போனால் வியப்பு கூடும். 1939 ஏப்ரலில் ஜெர்மனியின் ஃப்ரிட்ஸ் வெண்டல் மெஸ்ஸர்ஷ்மிட் 209 விமானத்தில் 755 கி.மீ. வேகத்தை எட்டியிருந்தார். பிஸ்டன் விமானத்தில் அதனை முறியடிக்க முப்பது ஆண்டுகள் ஆயின. 1969-ல் டாரில் க்ரீனமையர் ஒரு பேர்கேட்டைக் கொண்டு அதைச் செய்தார். ஒரு போர் முடிந்து, ஜெட் பிறந்து, மனிதன் நிலவுக்கே போய்விட்ட காலத்தில் பிஸ்டன் விமானம் மட்டும் ஏன் இப்படி நொண்டியது? இதற்கான விடை இயற்பியலில் இருக்கிறது. சற்றுப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பந்தய விமானங்களை வேகமானவை என்று நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தனியார் விமானம் என்ற வகையில் அவற்றைச் சேர்க்க என் மனம் ஒப்பவில்லை. மூட்டை முடிச்சுடன் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போகிற வாகனம் அன்று அது. அந்த வேறுபாட்டை ஒரே மனிதர் ஒரே ஆண்டில் உலகுக்குக் காட்டிவிட்டுப் போனார். அவர் பெயர் பில் ஓடம்.

1949 மார்ச் மாதம். பீச்கிராஃப்ட் நிறுவனத்தின் பொனான்சா என்னும் சிறு விமானத்தில் ஓடம் தன்னந்தனியாக ஹவாய்த் தீவின் ஹொனலூலுவிலிருந்து புறப்பட்டார். என்ஜின் ஒன்றே ஒன்று. அதன் திறன் 185 குதிரைத்திறன். பசிபிக் பெருங்கடலைத் தாண்டி, அமெரிக்கக் கண்டத்தையும் குறுக்கே கடந்து, எங்கும் இறங்காமல் நியூ ஜெர்சியின் டெட்டர்பரோவில் போய் இறங்கினார். ஏறத்தாழ 8,000 கி.மீ. தூரம், 36 மணி நேரப் பயணம். வகுத்துப் பார்த்தால் சராசரி வேகம் மணிக்கு 220 கி.மீ.தான். அந்த விமானம் இன்றும் அமெரிக்காவில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அதே ஆண்டு செப்டம்பரில் அதே ஓடம் கிளீவ்லண்டு நகரில் தாம்சன் கோப்பைப் பந்தயத்தில் "பெகீன்" என்னும் மாற்றியமைக்கப்பட்ட மஸ்டாங்கை ஓட்டினார். பந்தயம் தொடங்கிய சிறிது நேரத்திலேயே ஒரு திருப்பத்தில் விமானம் கட்டுத்தவறிக் குடியிருப்புப் பகுதியில் ஒரு வீட்டின் மேல் விழுந்தது. ஓடமும் மாண்டார், அந்த வீட்டில் இருந்த ஓர் இளந்தாயும் குழந்தையும் மாண்டார்கள். பந்தயம் என்று ஒன்று நடக்கிறது என்பதைத் தவிர அந்தத் தாய்க்கும் அதற்கும் என்ன தொடர்பு? கிளீவ்லண்டில் அந்தப் பந்தயம் அதன் பிறகு நடைபெறவில்லை. 1964-ல் ரீனோ நகரில் இதே வகைப் பந்தயம் மீண்டும் தொடங்கியது. அங்கும் 2011-ல் "கேலப்பிங் கோஸ்ட்" என்ற மஸ்டாங் பார்வையாளர் பகுதியில் விழுந்து, ஓட்டியவரோடு சேர்த்து 11 பேர் இறந்தனர். விசாரணையில் வெளிவந்த காரணம், வாலில் உள்ள ஒரு சிறு தகட்டின் திருகுகள் தளர்ந்திருந்தன என்பது. பழைய சுரைகளையே திரும்பப் பயன்படுத்தியிருக்கிறார்கள். 2023-உடன் ரீனோவிலும் பந்தயம் முடிந்தது. ஆகவே வரலாற்று நண்பரின் மனுவை இந்த அளவில் தள்ளுபடி செய்கிறேன். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன்.

இனி வழக்கின் நடுப்பகுதி. அரசின் சான்றிதழ் பெற்று, தொழிற்சாலையில் செய்யப்பட்டு, நால்வர் அமரக்கூடிய ஒற்றை என்ஜின் விமானங்களுள் மூன்றை ஒப்பிடலாம். மூனி அக்ளெய்ம் டைப் எஸ்: 280 குதிரைத்திறன், மணிக்கு 448 கி.மீ. செஸ்னா டிடிஎக்ஸ்: 310 குதிரைத்திறன், 435 கி.மீ. சிர்ரஸ் எஸ்ஆர்22டி: 315 குதிரைத்திறன், 394 கி.மீ. இவை நிறுவனங்கள் சொல்லும் உச்ச வேகங்கள். மூன்றுக்கும் என்ஜின் செய்தது கான்டினென்டல் என்னும் ஒரே நிறுவனம். மூனியே முதல்வன், ஐயமில்லை. மொட்டை மாடியில் நான் இந்தக் கணக்கைச் சொல்லித்தான் மார் தட்டினேன்.

பிறகு நூலகத்தில் உட்கார்ந்து படித்தபோதுதான் அந்த 448-க்குப் பின்னால் ஒரு சிறு எழுத்துக் குறிப்பு இருப்பது தெரிந்தது: "25,000 அடி உயரத்தில்".

இந்த இடத்தில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். முதலாம் ஆண்டில் கூட்டு ஊசல் சோதனையில் புவியீர்ப்பு முடுக்கம் எனக்கு 9.3 என்று வந்தது. பதிவேட்டில் நான் 9.78 என்று எழுதினேன். அலைவு நேரங்களில் இரண்டை மட்டும் லேசாகத் திருத்தினால் போதுமாயிருந்தது. சரி என்ற குறி கிடைத்தது. எனக்கும் அன்று மகிழ்ச்சியே. நிறுவனங்கள் என்னைப் போல் எண்ணைத் திருத்தவில்லை. அவை சொல்வது மெய்தான். ஆனால் மெய்யான எண்ணிலிருந்து அதன் நிபந்தனையைக் கழற்றி வைத்துவிட்டால், கேட்பவன் மனத்தில் பதிவது மெய்யாக இருப்பதில்லை. 448 என்பது எங்கள் எல்லோர் வாயிலும் இருந்தது. 25,000 அடி எவர் வாயிலும் இல்லை.

அந்த உயரத்துக்கு அப்படி என்ன சிறப்பு? அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் உள்ளதில் 45 விழுக்காடு அளவே. காற்று மெலிந்தால் விமானத்தைத் தடுக்கும் இழுவையும் மெலியும். காற்று மெலிந்தால் என்ஜினுக்கும் மூச்சு முட்டுமே என்று கேட்கலாம். அதற்காகத்தான் டர்போ. வீணாக வெளியேறும் புகையின் விசையால் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதைக் கொண்டு வெளிக் காற்றை அழுத்தி என்ஜினுக்கு ஊட்டுகிறார்கள். என்ஜின் தான் தரையில் இருப்பதாக நினைத்துக்கொண்டு உழைக்கிறது. விமானமோ மெல்லிய காற்றில் வழுக்கிக்கொண்டு போகிறது. தோராயமாகக் கணக்கிட்டால், அதே மூனியை அதே திறனோடு கடல் மட்டத்தில் ஓட்டினால் வேகம் மணிக்கு 340, 350 கி.மீ. அளவிலேயே இருக்கும். ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் மெலிந்த காற்று போட்ட பிச்சை.

பிச்சைக்கு விலையும் உண்டு. 25,000 அடியில் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 34 டிகிரி. மேலே சொன்ன மூன்று விமானங்களுக்கும் உள்ளே காற்றழுத்தம் காக்கும் அமைப்பு கிடையாது. ஓட்டுபவர் முதல் பின் இருக்கைக் குழந்தை வரை அனைவரும் ஆக்சிஜன் முகமூடி மாட்டிக்கொள்ள வேண்டும். அது நின்றுபோனால் தெளிவான அறிவோடு செயல்பட ஒருவருக்குக் கிடைப்பது மூன்று முதல் ஐந்து நிமிடங்கள். அந்த உயரத்துக்கு ஏறவே இருபது, இருபத்தைந்து நிமிடங்கள் ஆகும். 500 கி.மீ. பயணம் என்றால் மூனிக்கும் சிர்ரஸுக்கும் இடையே உள்ள வேறுபாடு, இரண்டுமே உச்ச வேகத்தில் முழுத் தூரமும் பறந்தால்கூட, ஒன்பது நிமிடம்! அந்த ஒன்பது நிமிடத்துக்காகப் பாட்டியின் முகத்தில் முகமூடி மாட்டுகிறவர் எத்தனை பேர் இருப்பார்கள்?

இப்போது முன்னர் நிறுத்திவைத்த இயற்பியலுக்கு வருகிறேன். வேகம் கூடும்போது காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. அந்த எதிர்ப்பை வெல்லத் தேவையான திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது. வேகம் இரு மடங்கு வேண்டுமா, திறன் எட்டு மடங்கு வேண்டும். வேகத்தில் பத்து விழுக்காடு கூட்ட விரும்பினால் திறனில் முப்பத்துமூன்று விழுக்காடு கூட்டியாக வேண்டும். இதில் உயரே பறக்கும்போது முன்விசிறியின் நுனிகள் ஒலியின் வேகத்தை நெருங்கித் திணறத் தொடங்கும் என்ற தொல்லை வேறு. வெண்டலின் 755-க்கும் ஷெல்டனின் 850-க்கும் இடையே ஐம்பது ஆண்டுகள் ஏன் ஓடின என்பது இப்போது விளங்கும்.

இந்த மும்மடி விதியை எனக்கு முதலில் கற்பித்தவர் என் தந்தையார். அவர் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர். மிதிவண்டியில் பால் கேன் கட்டிக்கொண்டு நாள்தோறும் எட்டுக் கல் போய் வருபவர். ஆடி மாதத்து எதிர்க்காற்றில் நான் பின்னால் உட்கார்ந்து, "வேகமா மிதிங்கப்பா" என்பேன். அவர் மிதிக்க மாட்டார். துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டுவார். சட்டை புடைக்காமல் செருகிக்கொள்வார். கைப்பிடி மேல் மார்பு படும்படி குனிவார். "காத்தோட மல்லுக்கு நிக்கக் கூடாதுடா, அதுக்கு வழி விட்டுப் போயிரணும்" என்பார். பத்தாம் வகுப்பு வரை அது சோம்பல் என்றே நினைத்திருந்தேன்.

அவர் செய்ததைத்தான் ராய் லோப்ரெஸ்டி என்ற பொறியாளர் மூனி நிறுவனத்தில் செய்தார். 1970-களின் நடுவில் எரிபொருள் விலை உயர்ந்து தொழில் தள்ளாடிய நேரம் அது. மூனியின் பழைய மாதிரியில் 200 குதிரைத்திறன் என்ஜின் இருந்தது. லோப்ரெஸ்டி அந்த என்ஜினில் திறனைக் கூட்டவில்லை. முன் கண்ணாடியைச் சாய்த்தார். என்ஜின் மூடியின் வாயைச் சிறிதாக்கி வழவழப்பாக்கினார். இறக்கையின் அசையும் பாகங்களுக்கிடையே இருந்த சந்துகளை அடைத்தார். சக்கரம் மடங்கும் பள்ளத்துக்கு மூடி போட்டார். ஒவ்வொன்றும் தனியே பார்த்தால் அற்பம். ஒரு மைல், இரண்டு மைல். எல்லாம் சேர்ந்து மணிக்குச் சுமார் 20 மைல்! 1976-ல் வெளிவந்த அந்த விமானத்துக்கு "201" என்றே பெயர் வைத்தார்கள். 200 குதிரைத்திறனில் மணிக்கு 201 மைல். குதிரைக்கு ஒரு மைல், கொசுறாக ஒன்று. அதே இருபது மைலை என்ஜினைப் பெருக்கித்தான் பெறுவது என்று முடிவு செய்திருந்தால், மும்மடி விதிப்படி 275 குதிரைத்திறன் தேவைப்பட்டிருக்கும். என்ஜின் கனக்கும், எரிபொருள் கனக்கும், அதைத் தாங்க உடல் கனக்கும். எழுபத்தைந்து குதிரைகளுக்குத் தீனி போடாமல் ஒருவர் காரியத்தை முடித்துவிட்டார்.

மூனிக்கும் செஸ்னாவுக்கும் இடையிலான போட்டியையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். செஸ்னாவுக்கு 30 குதிரைத்திறன் கூடுதல். விதிப்படி அது மூனியைவிட மூன்றரை விழுக்காடு வேகமாகப் போகவேண்டும். போவதோ மூன்று விழுக்காடு மெதுவாக. ஒரு காரணம், மூனியின் சக்கரங்கள் பறக்கும்போது உள்ளே மடங்கிக்கொள்ளும். செஸ்னாவின் சக்கரங்கள் வெளியே தொங்கிக்கொண்டே வரும். இன்னொரு காரணம், மூனியின் உட்புறம் குறுகலானது. பக்கத்தில் உட்காருபவரின் தோள் நம் தோளில் உரசும். அதை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். வேகத்தை எங்கோ ஓரிடத்தில் கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருக்கிறது.

இனி என் அறை நண்பனின் லான்செயர். அவன் கட்சி வலுவானது. ஏனெனில் லான்செயர் ஐவி-பி ஓட்டத்தில் மணிக்கு 530 கி.மீ. அளவுக்குப் போகும் என்கிறார்கள். 350 குதிரைத்திறன், கரி இழையால் ஆன உடல், உள்ளே காற்றழுத்தம் காக்கும் அமைப்பும் உண்டு. மூனியைவிட எண்பது கிலோமீட்டர் கூடுதல். இவ்வளவு வேறுபாடு எங்கிருந்து வந்தது?

வேறுபாட்டின் பெரும்பகுதி இறக்கையில் இருக்கிறது. விமானத்தின் முழு எடையை இறக்கையின் பரப்பால் வகுத்தால், ஒவ்வொரு சதுர மீட்டரும் எத்தனை கிலோ சுமக்கிறது என்பது கிடைக்கும். பயிற்சிப் பள்ளிகளில் ஓடும் செஸ்னா 172-க்கு இது சுமார் 72 கிலோ. மூனி அக்ளெய்முக்கு 94. செஸ்னா டிடிஎக்ஸுக்கு 125. லான்செயர் ஐவி-பிக்கு, முழு எடையில், ஏறத்தாழ 177. இறக்கை சிறுத்தால் இழுவை குறையும், வேகம் கூடும். ஆனால் சிறுத்த இறக்கை மெதுவாகப் பறக்கும்போது எடையைத் தாங்காது. ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே போனால் தூக்கு விசை அறுந்து விமானம் விழும். அந்தக் கீழெல்லை வேகத்தின் இருமடி, சதுர மீட்டருக்கான சுமைக்கு நேர் விகிதத்தில் இருக்கிறது. மற்றவை சமமாயின், தரையைத் தொடும்போது ஒவ்வொரு கிலோவிலும் அடங்கியிருக்கும் இயக்க ஆற்றலும் அதே விகிதந்தான். அதாவது என்ஜின் நின்றுபோய் ஒரு வயலில் இறங்க நேர்ந்தால், லான்செயரில் இருப்பவர் செஸ்னா 172-ல் இருப்பவரைப் போல் இரண்டரை மடங்கு அடியைத் தாங்க வேண்டும்.

அமெரிக்காவில் ஒற்றை என்ஜின் விமானத்துக்குச் சான்றிதழ் வழங்க, அதன் கீழெல்லை வேகம் மணிக்கு 113 கி.மீ.க்கு மேற்படக் கூடாது என்று பல்லாண்டுக் காலம் விதி இருந்தது. மூனியும் செஸ்னாவும் அந்த விதிக்குள் நின்று வேகத்தைத் தேடியவை. லான்செயர் தொழிற்சாலையில் முழுதாகச் செய்யப்படுவதில்லை. பாகங்களாகப் பெட்டியில் வரும். வாங்கியவரே பாதிக்கு மேல் வேலை செய்து பூட்டிக்கொள்ள வேண்டும். சோதனை விமானம் என்ற பெயரில் பறப்பதால் அந்த விதி அதனைக் கட்டாது. 2009-ல் அமெரிக்க விமானத் துறையே லான்செயர் ஓட்டுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. மெதுவான வேகத்தில், தாழ்ந்த உயரத்தில் கட்டுத்தவறி விழும் விபத்துகள் இவ்விமானங்களில் அளவுக்கு மீறி நடக்கின்றன, தனிப் பயிற்சி பெறுங்கள் என்பது அதன் சாரம்.

இதில் சுவையான செய்தி ஒன்று உண்டு. லான்செயரை வடிவமைத்த லான்ஸ் நைபாயர், பின்னர் சான்றிதழ் பெறும் விமானம் ஒன்றும் செய்ய முற்பட்டார். 1998-ல் சான்றிதழ் பெற்ற கொலம்பியா 300 அவ்வழி வந்தது. அதன் தம்பி கொலம்பியா 400. 2007-ல் அந்த நிறுவனம் நொடித்துப்போக, செஸ்னா அதை வாங்கியது. அந்தக் கொலம்பியா 400 வளர்ந்து பெற்ற பெயர்தான் நாம் முன்பு கண்ட டிடிஎக்ஸ். ஆக, ஒரே மூலவர் கையிலிருந்து இரண்டும் வந்தன. விதிக்குள் வந்தபோது இறக்கை அகன்றது. வேகம் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் குறைந்தது. அந்த நூறு கிலோமீட்டரை இழப்பு என்கிறான் என் நண்பன். நான் அதை ஆயுள் காப்புத் தவணை என்கிறேன். இந்த ஒரு சொல்லுக்காக நாங்கள் மூன்று நாள் பேசிக்கொள்ளவில்லை.

நான் மூனிக்கு வாதாடுகிறேன்; ஆனால் சந்தை என் பக்கம் இல்லை. 2018-ல் டிடிஎக்ஸ் உற்பத்தியைச் செஸ்னா நிறுத்திவிட்டது. டெக்சாஸில் கெர்வில் நகரத்து மூனித் தொழிற்சாலையும் 2019-ல் கதவை மூடியது. பிறகு திறந்தபோது உதிரிப் பாகங்களோடு அமைந்துவிட்டது. மூன்றில் மெதுவான சிர்ரஸ்தான் பத்தாயிரத்தை எட்டி இன்றும் விற்றுக்கொண்டிருக்கிறது. வாங்குகிறவர்கள் முட்டாள்களா? அல்ல. சிர்ரஸின் முதுகில் ஒரு பாராசூட் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. மனிதனுக்கன்று, விமானத்துக்கே பாராசூட். கைப்பிடியை இழுத்தால் ராக்கெட் ஒன்று அதனை மேலே இழுத்துப் பறக்கவிட, முழு விமானமும் தொங்கிக்கொண்டு இறங்கும். இந்நிறுவனத்தைத் தம்பியோடு தொடங்கிய ஆலன் கிளாப்மையர் 1980-களின் நடுவில் ஒரு பயிற்சிப் பறப்பின்போது வானில் இன்னொரு விமானத்தோடு மோதினார். சிதைந்த இறக்கையோடு அவர் எப்படியோ இறங்கிவிட்டார். மற்ற விமானத்தை ஓட்டியவர் இறந்தார். பாராசூட் எண்ணம் அங்கே பிறந்தது. இதுவரை இருநூறு பேருக்கு மேல் அதனால் பிழைத்திருக்கிறார்கள். பாராசூட்டுக்கும் அதன் ராக்கெட்டுக்கும் எடை உண்டு. சிர்ரஸ் சக்கரத்தை மடக்குவதும் இல்லை. வேகப் பட்டியலில் மூன்றாம் இடம் என்பதன் பின்னால் இதுவும் இருக்கிறது என்பதைப் பட்டியல் சொல்லாது.

வேதியியல் நண்பர் சிரித்ததற்கு இப்போது வருகிறேன். "நீங்கள் பேசும் விமானங்கள் எதைக் குடிக்கின்றன தெரியுமா?" என்று மறுநாள் அவர் கேட்டார். அமெரிக்காவில் பெரும்பாலும் ஈயம் கலந்த பெட்ரோல்! நம் நாட்டில் கார்களுக்கு 2000-ஆம் ஆண்டோடு அது ஒழிந்தது. 2021-ல் அல்ஜீரியாவும் நிறுத்தியபின் உலகில் எந்தக் காருக்கும் ஈயப் பெட்ரோல் விற்கப்படுவதில்லை. சிறு விமானங்களுக்கு மட்டும் இன்னும் லிட்டருக்கு 0.56 கிராம் வரை ஈயம் சேர்க்க அனுமதி இருக்கிறது. உயர் அழுத்தத்தில் உழைக்கும் திறன்மிக்க என்ஜின்கள் உரிய நேரத்துக்கு முன் வெடித்துத் தட்டாமலிருக்க டெட்ராஎத்தில் ஈயம் தேவைப்படுகிறது. மெதுவான சிறு விமானங்கள் பல ஈயமில்லாமலே ஓடிவிடும். வேகக்காரர்களுக்குத்தான் அது கண்டிப்பாக வேண்டும். 2030-க்குள் நிறுத்திவிடுவதாக அமெரிக்காவில் இலக்கு வைத்திருக்கிறார்கள். அந்த ஈயம் விமான நிலையத்தை அடுத்துள்ள தெருக்களில் இறங்குகிறது. கிளீவ்லண்டுத் தாயைப் போலவே, விமானத்தில் ஏறாதவர்கள் அங்கும் இருக்கிறார்கள். வேக ஒப்பீட்டுப் பட்டியலில் இதற்கென ஒரு பத்தி நான் எங்கும் காணவில்லை.

ஆகவே என் மனு மாறிவிட்டது என்பதை இம்மலரின் வாயிலாக எதிர்த் தரப்பாருக்குத் தெரிவித்துக்கொள்கிறேன். அன்றிரவு நான் முன்வைத்த அக்ளெய்மைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அதன் இடத்தில் 1976-ஆம் ஆண்டின் மூனி 201-ஐ நிறுத்துகிறேன். அது அக்ளெய்மைவிட மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் மெதுவானதாயிற்றே என்று கேட்பார்கள். கேட்கட்டும். டர்போ இல்லை, மூக்குக் குழாய் இல்லை. 200 குதிரைத்திறனில் நான்கு பேரை மணிக்கு 320 கி.மீ. அளவில் கொண்டுபோய், தேவைப்பட்டபோது மெதுவாகவும் இறங்கும் ஒன்றை வேகமான விமானம் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. சிர்ரஸின் பாராசூட்டும் அதற்கு இருந்திருக்கலாமே என்று சில இரவுகளில் தோன்றுவதுண்டு. அந்தக் குறையை எதிர்த் தரப்பார் கண்டுபிடிப்பதற்கு முன் நானே சொல்லிவிட்டேன்.

எங்கள் அறையில் நண்பனின் கட்டிலுக்கு மேலே லான்செயர் படம் ஒட்டப்பட்டிருக்கிறது. அதன் கீழே மையால் "530 கி.மீ." என்று பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறான். பக்கத்திலேயே "சதுர மீட்டருக்கு 177 கிலோ" என்று எழுதச் சொல்லிப் பல நாள் நச்சரித்தேன். சென்ற வாரம் எழுதியிருக்கிறான். பென்சிலால், மிகச் சிறியதாக.